பழைய தோட்ட டிராக்டர் பழுதுநீக்கம்: கோலர் கே வரிசை எஞ்சினுக்கு அறிகுறி வாரியான வழிமுறை

அமெரிக்காவில் 1960-களிலும் 1970-களிலும் வெளிவந்த தோட்ட டிராக்டர்கள் பலவற்றில் கோலர் நிறுவனத்தின் கே வரிசை எஞ்சினே பொருத்தப்பட்டது. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் ஆலையில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் தயாரித்த கப் கேடட், இந்தியானாவின் சவுத் பெண்டில் உருவான வீல் ஹார்ஸ், விஸ்கான்சினின் ஹோரிகான் ஆலையிலிருந்து 1963-இல் வந்த ஜான் டியர் 110 ஆகிய மூன்றும் தம்முள் பெரிதும் வேறுபட்டவை என்றாலும், பானெட்டைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே குடும்பத்து எஞ்சினைத்தான் காணலாம். கே161 என்பது 7 குதிரைத்திறன், கே181 என்பது 8, கே241 என்பது 10, கே301 என்பது 12, கே321 என்பது 14, கே341 என்பது 16. அனைத்தும் வார்ப்பிரும்பு பிளாக்கும் பக்க வால்வும் கொண்ட, காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் எஞ்சின்கள். ஆகவே கீழே கூறப்படும் சோதனைகளில் பெரும்பகுதி, வண்டியின் பெயர் எதுவாயினும் பொருந்தும்.

இந்த எஞ்சின்களின் தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரு பாகத்தை உடைத்துவிட்டால் அதற்கு ஈடான அசல் பாகம் எளிதில் கிடைக்காது. கோளாறுகளில் மிகுதியானவை எஞ்சினுக்கு வெளியே, அதாவது மின் இணைப்பிலும், பொறிக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் தொடுமுனைகளான பாயிண்ட்டிலும், பெட்ரோல் பாதையிலும் இருக்கின்றன என்பதால், சோதனை ஒன்று சான்று தரும் வரை எந்தப் பாகத்தையும் வாங்கவோ, எந்த போல்ட்டையும் கழற்றவோ வேண்டாம் என்பதே இந்த வழிமுறையின் அடிப்படை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். கார்புரேட்டர், பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் காயில், பிளக் மூன்றையும் ஒரே நாளில் மாற்றியவருக்கு வண்டி ஓடினாலும் காரணம் தெரியாது. ஓடாவிட்டால் குழப்பம் மும்மடங்காகும்.

எஞ்சினையோ புல்வெட்டும் தகட்டையோ தொடுமுன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றித் தள்ளி வைத்து, பேட்டரியின் எதிர்மின் முனையையும் பிரித்துவிட வேண்டும். வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் கைவிடக் கூடாது. தாங்கிகள் கட்டாயம் வேண்டும். அக்காலத்து கிளட்ச், பிரேக் லைனிங்குகளிலும் சில கேஸ்கெட்டுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், அவற்றின் தூசியை காற்றழுத்தத்தால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

சாவியைத் திருப்பினால் சத்தம் மட்டும் வருகிறது, அல்லது எஞ்சின் மந்தமாகச் சுற்றுகிறது

முதலில் பேட்டரி. ஓய்வு நிலையில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், 12.2-க்குக் கீழே இருந்தால் முழுதாக சார்ஜ் செய்த பிறகே மற்ற சோதனைகளுக்குப் பொருள் உண்டு. அடுத்து எர்த் இணைப்பு. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்மின் கம்பத்திலும், மறுமுனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் சுரண்டிய வெற்று இரும்பிலும் வைத்து ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மின்சாரம் திரும்பும் வழியில் துருவோ தளர்வோ இருக்கிறது. இதே சோதனையை நேர்மின் பக்கம் பேட்டரியிலிருந்து, ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்சான சொலினாய்டு வரையிலும், அங்கிருந்து ஸ்டார்ட்டர் வரையிலும் செய்யலாம். ஐம்பது ஆண்டு பழைய வண்டியில், அதிலும் மறுபெயின்ட் அடித்த வண்டியில், ஸ்டார்ட்டரைக் குறைசொல்லும் முன் எர்த் வயரின் இரு முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென ஆக்கிவிடுங்கள்.

1960-களின் பல மாதிரிகளில் ஸ்டார்ட்டரும் டைனமோவும் ஒரே உருளைக்குள் அடங்கி, பெல்ட் மூலம் எஞ்சினைச் சுற்றும். பெல்ட் தளர்ந்திருந்தால் கப்பி சுழலும், எஞ்சின் நிற்கும். பெல்ட்டின் நடுவில் விரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் தாழ்வதே போதுமானது. அதற்கு மேல் இறுக்கினால் பேரிங் கெடும்.

மின்சாரம் சரியாக இருந்தும் எஞ்சின் சிறிது சுற்றி அழுத்தத்தில் முட்டி நின்றால், பலர் கவனிக்காத ஒரு காரணம் உண்டு. கே வரிசையின் பிந்தைய எஞ்சின்களில் தானியங்கி அழுத்தக் குறைப்பு அமைப்பு இருக்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது கேம் கியரில் உள்ள சிறு எடைகள் வெளியேற்ற வால்வைச் சற்றே தூக்கிப் பிடித்து, ஸ்டார்ட்டரின் சுமையைக் குறைக்கும். அந்த வால்வுக்கும் அதைத் தள்ளும் டேப்பெட்டுக்கும் உள்ள இடைவெளி கூடிவிட்டால், தூக்க வேண்டிய அளவு முழுதும் அந்த இடைவெளியிலேயே வீணாகி, முழு அழுத்தமும் ஸ்டார்ட்டர் மேல் விழும். கே241 முதல் கே341 வரையிலான எஞ்சின்களுக்கு, எஞ்சின் ஆறிய நிலையில் உள்ளிழுக்கும் வால்வுக்கு 0.008 முதல் 0.010 அங்குலமும், வெளியேற்ற வால்வுக்கு 0.017 முதல் 0.019 அங்குலமும் இடைவெளி வேண்டும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் ஒன்றால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும் இதைப் பார்க்காமல் புது ஸ்டார்ட்டர் வாங்கியவர்கள் பலர்.

எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை

பிளக்கைக் கழற்றி, வயரோடு சேர்த்து அதன் உடலை பிளாக்கில் அழுந்தப் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். பிளக் துளை அருகில் பெட்ரோல் ஆவி வரும் என்பதால் அதிலிருந்து விலக்கியே வைக்க வேண்டும். நீல நிறத்தில், சொடுக்கும் ஒலியோடு பொறி வந்தால் பெட்ரோல் பக்கம் செல்லலாம். பொறி இல்லாவிட்டாலோ, மஞ்சள் கலந்து சோர்வாக வந்தாலோ, பாயிண்ட்டுக்குச் செல்ல வேண்டும்.

கே வரிசையின் பெரிய வசதி, பாயிண்ட் ஃப்ளைவீலுக்கு அடியில் ஒளிந்திராமல் பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு சிறு மூடிக்குள் இருப்பதுதான். மூடியை நீக்கி, நல்ல வெளிச்சத்தில் இரு முகங்களையும் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்தால் இயல்பான தேய்மானம். ஒரு முகத்தில் குழியும் எதிர்முகத்தில் அதே அளவு மேடும் எழுந்திருந்தால் உலோகம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் இடம் மாறியிருக்கிறது. பாயிண்ட் திறக்கும்போது முகங்களில் பொறி எழாமல் காக்கும் கண்டென்சரின் திறன் பொருத்தமில்லை என்பதன் அடையாளம் அது, எனவே பாயிண்ட்டோடு கண்டென்சரையும் மாற்ற வேண்டும். முகங்கள் எண்ணெய்ப் பசையோடு கருகியிருந்தால், கேம்சாஃப்டிலிருந்து பாயிண்ட்டைத் தள்ளும் சிறு தண்டின் துளை தேய்ந்து, அதன் வழியே எண்ணெய் கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் புது பாயிண்ட் போட்டால் சில மணி நேர ஓட்டத்தில் அதுவும் கருகும்.

நெடுநாள் ஓடாத வண்டியில் பாயிண்ட் முகங்களில் கண்ணுக்குத் தெரியாத படலம் படிந்து மின்சாரத்தைத் தடுக்கும். வெள்ளைக் காகிதத் துண்டு ஒன்றை இடையில் வைத்து, பாயிண்ட் மூடிய நிலையில் இழுத்தெடுங்கள். கறை வராத வரை திரும்பச் செய்யுங்கள். பழைய டிராக்டர்களில் "செத்துப்போன காயில்" எனப்படுவதில் கணிசமான பகுதி இந்தக் காகிதத் துண்டிலேயே உயிர்பெறும் என்பது என் உறுதியான கருத்து.

பாயிண்ட்டின் இடைவெளி, தண்டு மிகுதியாகத் தள்ளிய நிலையில், 0.020 அங்குலம். ஆனால் இடைவெளியை மட்டும் வைத்துவிட்டு மூடியை மாட்டுவது அரைவேலை. ஃப்ளைவீல் உறையில் ஒரு பார்வைத் துளை உண்டு. அதற்குள் ஃப்ளைவீலில் ‘எஸ்’, ‘டி’ என இரு குறிகள் தெரியும். ‘டி’ என்பது பிஸ்டன் உச்சியை அடையும் இடம்; ‘எஸ்’ என்பது அதற்கு 20 பாகை முன்னால் பொறி விழ வேண்டிய இடம். காயிலில் பாயிண்ட் வயர் சேரும் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே 12 வோல்ட் சோதனை விளக்கு ஒன்றை இணைத்து, சாவியை ஆன் செய்து, ஃப்ளைவீலை அது ஓடும் திசையில் கையால் மெல்லச் சுற்றுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது விளக்கு அணைந்திருக்கும், திறக்கும் கணத்தில் எரியும். ‘எஸ்’ குறி துளையின் நடுவுக்கு வரும் அதே கணத்தில் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் பாயிண்ட் திருகைத் தளர்த்தி மயிரிழை நகர்த்தி, மறுபடியும் சுற்றிப் பாருங்கள். இறுதியில் இடைவெளி 0.020-லிருந்து ஆயிரத்தில் ஒன்றிரண்டு கூடவோ குறையவோ நின்றால் கவலை வேண்டாம். எஞ்சினுக்கு வேண்டியது சரியான நேரம், ஃபீலர் கேஜில் எழுதிய எண் அன்று. சாவி ஆன் நிலையில் எஞ்சினை நிறுத்தி வைத்தால் காயில் சூடாகும் என்பதால், இந்த வேலை முடிந்ததும் அணைத்துவிட வேண்டும்.

விளக்கு எந்த நிலையிலும் எரியவில்லையென்றால் காயிலுக்கு மின்சாரமே வரவில்லை, அல்லது காயிலின் உட்கம்பி அறுந்திருக்கிறது, அல்லது பாயிண்ட் வயரோ கண்டென்சரோ எர்த்தில் முட்டுகிறது. காயிலின் நேர்மின் முனையில் 12 வோல்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பாயிண்ட் வயரைக் காயிலிலிருந்து பிரித்தால், இந்த மூன்றில் எது என்பது வெளிப்பட்டுவிடும்.

பொறி நன்றாக இருக்கிறது என்றால் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான பெட்ரோலை பிளக் துளைக்குள் விட்டு, பிளக்கை மாட்டிச் சுற்றுங்கள். இரண்டு மூன்று முறை வெடித்து நின்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை. டாங்க்கின் வடிகட்டி, குழாய், பம்ப், கார்புரேட்டரின் ஊசி வால்வு என்ற வரிசையில், டாங்க்கிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி ஓட்டத்தைப் பாருங்கள். பழைய பெட்ரோல் பிசின்போல் உறைந்து அடைத்திருந்தால் கார்புரேட்டரை முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்வதே வழி. துளைகளில் இரும்புக் கம்பி விடக் கூடாது. துளை பெரிதாகிவிட்டால் அந்தக் கார்புரேட்டர் பிறகு சொன்னபடி கேட்காது. திரும்பப் பூட்டும்போது மேலே உள்ள முதன்மைத் திருகை மெல்ல அடிவரை இறக்கி, சுமார் இரண்டு சுற்று வெளியே எடுப்பது தொடக்க நிலைக்குப் போதும். ஊசிமுனை கொண்ட அந்தத் திருகை அடியில் இறுக்கினால் இருக்கை கெட்டுவிடும்.

ஸ்டார்ட் ஆகிறது, சூடேறியதும் நின்றுவிடுகிறது

இங்கு காலம்தான் சோதனைக் கருவி. எஞ்சின் நின்ற உடனேயே, ஆறுவதற்குள், பொறியைப் பார்க்க வேண்டும். பொறி இல்லை, ஆறிய பின் திரும்ப வருகிறது என்றால் கண்டென்சரோ காயிலோ சூட்டில் தளர்கிறது. விலை குறைந்த கண்டென்சரை முதலில் மாற்றுங்கள். பொறி இருக்கிறது என்றால் டாங்க் மூடியைத் தளர்த்துங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு வண்டி உடனே ஸ்டார்ட் ஆனால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இரண்டும் இல்லாவிட்டால் வால்வு இடைவெளியை அளக்க வேண்டும்: ஆறிய நிலையிலேயே இறுக்கமாக இருக்கும் வெளியேற்ற வால்வு, சூட்டில் நீண்டு முழுதாக மூடாமல் அழுத்தத்தைக் கசியவிடும்.

இவற்றோடு எஞ்சின் உறையைக் கழற்றி சிலிண்டரின் செதில்களையும் பார்க்க வேண்டும். உலர்ந்த புல்லும் எலிக்கூடும் அடைத்துக் காற்றோட்டம் நின்றிருப்பதை வெளியிலிருந்து காண முடியாது. ஆண்டுக்கொரு முறை உறையைக் கழற்றித் துடைப்பது, இந்த எஞ்சினுக்குச் செய்யக்கூடிய பணிகளில் எண்ணெய் மாற்றுவதற்கு அடுத்ததாக முக்கியமானது.

வேகம் ஏறி இறங்கி ஊசலாடுகிறது, சுமையில் திணறுகிறது

சோக்கைச் சற்று இழுத்ததும் ஊசலாட்டம் நின்றால் கலவையில் பெட்ரோல் குறைவு. முதன்மைத் திருகைக் கால் சுற்று திறந்து பாருங்கள். பலன் இல்லாவிட்டால் கார்புரேட்டருக்கும் பிளாக்குக்கும் இடையிலான கேஸ்கெட்டிலோ, தேய்ந்து ஆடும் திராட்டில் தண்டின் ஓரத்திலோ காற்று புகுகிறது. திராட்டில் தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் விரலுக்கே தெரியும்; அதற்குப் புஷ் போடுவதுதான் தீர்வு, திருகு திருப்புவது அன்று.

கலவை சரியாக இருந்தும் ஊசலாடினால், எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் தொடக்க நிலையைப் பாருங்கள். கவர்னர் கையின் நட்டைத் தளர்த்தி, கையைக் கார்புரேட்டரிலிருந்து விலகும் திசையில் முழுதும் இழுத்துப் பிடித்து, தண்டின் முனையைக் குறடால் இடஞ்சுழியாகத் தடை வரும்வரை திருப்பி, அந்த நிலையில் நட்டை இறுக்க வேண்டும். அதிகபட்ச வேகம் நிமிடத்துக்கு 3600 சுற்றுக்கு மேல் போகக் கூடாது. கூடுதல் வேகத்துக்காகக் கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றுவது, பிஸ்டனைக் கிராங்க்சாஃப்டோடு இணைக்கும், கீழே கூறப்போகும் கனெக்டிங் ராடு உடைவதற்கு வழி திறப்பதாகும்.

திணறல் மட்டும் இருந்து பொறியும் பெட்ரோலும் குற்றமற்றவை என்றால் அழுத்தத்தைச் சோதிக்கலாம். அழுத்தக் குறைப்பு அமைப்பு உள்ள எஞ்சினில் வழக்கமான அழுத்தமானி வேண்டுமென்றே குறைந்த அளவைக் காட்டும் என்பதால், அதை நம்பி பிஸ்டன் ரிங் மாற்றக் கூடாது. ஃப்ளைவீலைக் கையால் எதிர்த்திசையில் அழுத்தத்துக்கு எதிராகச் சுழற்றிவிட்டுப் பாருங்கள். விசையோடு துள்ளித் திரும்பினால் அழுத்தம் நன்று. சோர்ந்து கடந்தால் ஹெட் கேஸ்கெட், வால்வு, ரிங் என்ற வரிசையில் தேட வேண்டும். ஹெட்டைத் திரும்ப மாட்டும்போது அதன் தளம் 0.003 அங்குலத்துக்கு மேல் வளைந்திருக்கக் கூடாது. கே241 முதல் கே341 வரை போல்ட்டுகளைப் படிப்படியாக 25 முதல் 30 அடி-பவுண்டு வரை இறுக்க வேண்டும்.

புகை வருகிறது

கரும்புகை பெட்ரோல் மிகுதியைச் சொல்கிறது: சோக் முழுதும் திறக்கவில்லை, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது மிதவை மூழ்கியிருக்கிறது. நீலப்புகை எண்ணெய் எரிவதைச் சொல்கிறது. ரிங்கைக் குறைசொல்லும் முன் எண்ணெய் மட்டத்தையும் சுவாச வால்வையும் பாருங்கள், ஏனெனில் அந்த வால்வு அடைத்தால் கிராங்க்கேஸில் அழுத்தம் கூடி எண்ணெய் மேலேறும்.

எண்ணெய் மட்டம் ஊற்றாமலேயே கூடியிருந்தால் அளவுக் கோலை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பக்கவாட்டில் உள்ள பம்ப்பின் சவ்வு கிழிந்தோ, ஊசி வால்வு மூடாமலோ பெட்ரோல் உள்ளே இறங்கியிருக்கிறது. அந்த எண்ணெயோடு ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது.

உள்ளிருந்து தட்டும் ஒலி கேட்கிறது

உடனே நிறுத்துங்கள். இந்த எஞ்சின்களில் எண்ணெய்ப் பம்ப் கிடையாது. அலுமினியக் கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி எண்ணெயில் மோதித் தெறிக்கச் செய்வதே முழு உயவும். மட்டம் குறைந்தாலும், சரிவில் நெடுநேரம் சாய்ந்து ஓடினாலும், எண்ணெய் நீர்த்தாலும் ராடு கிராங்க்பின்னைக் கவ்விப் பிடித்து உடையும். உடைந்த துண்டு பிளாக்கைத் துளைத்து வெளியே வரும். ஆகவேதான் எண்ணெயை ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும் முன்னும் பார்ப்பதும், 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை மாற்றுவதும் விருப்பத்துக்கு விட்ட விஷயங்கள் அல்ல. வெயில் காலத்துக்கு எஸ்.ஏ.இ. 30 பொருத்தமானது.

பிளக்கைக் கழற்றிவிட்டு, பிஸ்டன் உச்சியின் அருகே ஃப்ளைவீலை முன்னும் பின்னும் சற்றே அசையுங்கள். பிஸ்டன் நகர்வதற்கு முன் ‘டக்’ என ஓர் ஆட்டம் கையில் உணரப்பட்டால் ராடு தேய்ந்திருக்கிறது. கிராங்க்பின்னை அளந்து, தேவையானால் அரைத்து, 0.010 அங்குலம் குறைந்த அளவுள்ள ராடு பொருத்தலாம்.

பெரிய கே எஞ்சின்கள் சிலவற்றில் அதிர்வைக் குறைக்கச் சமநிலை கியர்கள் இரண்டு உள்ளே இருக்கும். அவற்றின் ஊசிப் பேரிங்குகள் தேய்ந்து கியர் கழன்றால் ராடு உடைவதற்கு இணையான சேதம் நேரும். எஞ்சினைப் பிரிக்க வேண்டிய நிலை வந்துவிட்டால் அவற்றைப் புதுப்பிக்க வேண்டும் அல்லது அகற்றிவிட வேண்டும். பழைய பேரிங்கோடு அப்படியே திரும்பப் பூட்டுவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அகற்றினால் அதிர்வு சற்றுக் கூடும், பிளாக் பிழைக்கும்.

பேட்டரி சார்ஜ் ஆவதில்லை

ஸ்டார்ட்டரும் டைனமோவும் ஒன்றான வண்டிகளில், எஞ்சின் வேகமாக ஓடும்போது பேட்டரி முனைகளில் 14 வோல்ட் அளவு காட்ட வேண்டும். காட்டாவிட்டால், டெல்கோ-ரெமி டைனமோவின் ‘எஃப்’ முனையை ஓரிரு நொடிகள் மட்டும் எர்த் செய்யுங்கள். வோல்ட் உயர்ந்தால் டைனமோ நலம், ரெகுலேட்டர் பழுது. உயராவிட்டால் பிரஷ்ஷையும் காமியூட்டேட்டரையும் பார்க்க வேண்டும். டைனமோவையோ ரெகுலேட்டரையோ கழற்றி மாட்டிய பின், எஞ்சின் நின்ற நிலையில், ரெகுலேட்டரின் பேட்டரி முனையையும் ஆர்மேச்சர் முனையையும் ஒரு வயரால் கணநேரம் தொட்டு எடுக்க வேண்டும்; டைனமோவுக்குள் எஞ்சியுள்ள காந்தம் சரியான துருவத்தில் நிற்பதற்காகவே இது. இதைச் செய்யாமல் புதிய ரெகுலேட்டரே கெட்டது எனத் திருப்பி அனுப்புவோர் உண்டு.

எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை அல்லது தானே நகர்கிறது

கப் கேடட்டில், 1960-களின் தொடக்கத்தில் வந்த முதல் மாதிரியைத் தவிர, எஞ்சினிலிருந்து பின்பகுதிக்குச் சுழல்தண்டு செல்கிறது. வண்டி திடீரென நின்று, கீழே தண்டு சுழல்வது மட்டும் தெரிந்தால், அதில் உள்ள சுருள் பின் அறுந்திருக்கும். பின் துளைகள் முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் புதுப் பின்னும் விரைவில் அறும். தண்டையே மாற்ற வேண்டும். மிதித்தும் கிளட்ச் முழுதாக விடுபடாமல் இழுத்தால் விடுவிப்பு நெம்புக்கும் பேரிங்குக்கும் இடையே 0.050 அங்குலம் இருக்கிறதா எனப் பாருங்கள்.

1966 முதல் வந்த, பம்ப்பின் எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் ஹைட்ரோஸ்டாட்டிக் கப் கேடட்களில், நியூட்ரலில் வைத்தும் வண்டி ஊர்ந்தால் பம்ப்பைக் குறைசொல்ல வேண்டாம். வேக நெம்புகோலோடு இணைந்த தகட்டின் காடி தேய்ந்து அகன்றிருக்கும். அதை வெல்டு வைத்து நிரப்பி அரத்தால் ராவி, பிறகு நியூட்ரலைச் சரிசெய்தால் ஊர்தல் நிற்கும். பின்பகுதி எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. முழுதும் வடித்து, வடிகட்டியை மாற்றி, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் வண்டிகளுக்கான ஹைட்ரான் எண்ணெயே ஊற்ற வேண்டும்.

வீல் ஹார்ஸில் பெல்ட் வழுக்கல் எளிதில் தீரும். கியர் தானே விலகினால் ஷிஃப்ட் நெம்புகோலின் அடி உறையைப் பாருங்கள். அது கிழிந்த வண்டிகளில் மழைநீர் நேரே கியர் பெட்டிக்குள் இறங்கி அடியில் தேங்கும். வடிகால் போல்ட்டைத் திறந்ததும் எண்ணெய்க்கு முன் தண்ணீர் வந்தால் பெட்டியைப் பிரித்துப் பேரிங்குகளைப் பார்க்காமல் மூடக் கூடாது. பின்சக்கர ஹப் அச்சில் துருப்பிடித்து இறுகியிருக்கும். சம்மட்டியால் அடித்தால் பெட்டியின் வார்ப்பு விரியும். பூட்டுத் திருகைத் தளர்த்தி, ஊடுருவும் எண்ணெயை ஊற்றி ஓரிரு நாள் ஊறவிட்டு, உறுதியான புல்லரை மாட்டி இறுக்கிய நிலையிலேயே ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் அரைச் சுற்று மட்டும் இறுக்கி, மறுபடியும் எண்ணெய் ஊற்றிக் காத்திருங்கள். ஹப் தானே விடும்.